மந்தைவெளியிலிருந்து ஒரு நன்றி மடல்

மந்தைவெளி, சென்னை
காணும் பொங்கல், 2026

எங்கள் ஊர் மேய்க்காலை, அதாவது ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தை, மீட்க உதவிய எல்லோருக்கும் வணக்கம்.

மெரினா பக்கம் போகிற கூட்டத்தில் சிக்க வேண்டாம் என்று வீட்டிலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நேற்று மாட்டுப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மதுராந்தகம் தாண்டி உள்ளே போகும் எங்கள் ஊரைப் பற்றி ஐந்து வருஷமாக உங்கள் காதில் ஓதாத நாளில்லை. மேய்க்காலில் முழங்கால் உயரத்துக்குப் புல் நிற்கிறது. படம் எடுத்து அனுப்பினால் போதும் என்றுதான் நினைத்தேன். எடுத்துப் பார்த்தால் வெறும் புல்தான் தெரிகிறது, உங்களில் ஒருவர்கூட அதில் விழவில்லை. அதனால் இந்த மடல்.

நம் பேட்டைக்குப் பெயரே மந்தை நின்ற வெளி. இன்று இங்கே மந்தையாக நிற்பவை பேருந்துகள் மட்டும். ஊரில் இருக்கிற மேய்க்காலும் அப்படிப் பெயராக மட்டும் மிஞ்சிவிடக் கூடாது என்று நான் புலம்பியபோது, "சரி, என்ன செய்யணும்?" என்று கேட்டவர்கள் நீங்கள். என்ன செய்ய வேண்டும் என்று அப்போது எனக்கே தெரியாது.

2021 ஆடியில் நாம் வேன் பிடித்துப் போய் 400 கன்று நட்டோமே, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். புங்கன், வேம்பு, மகிழம். எல்லோருக்கும் பச்சை டி-ஷர்ட், சாம்பார் சாதப் பொட்டலம், கடைசியில் குரூப் போட்டோ. அடுத்த சித்திரையில் எண்ணிப் பார்த்தால் மிச்சம் 11. பழியைத் தூக்கி ஆட்டின் மேல் போட்டோம். கம்பிவேலி போடப் பணம் திரட்டலாம் என்று அரசமரத்தடியில் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தபோதுதான், சித்தப்பா, நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தீர்கள்.

"ஆட்டுக்குப் போக வேற எடம் இல்ல. அதான் இங்கயே நின்னு கடிக்குது. வேலி போட்டா நாளைக்கு ஏரிக்கரையக் கடிக்கும். புல்லுக்குத் தலை போனாப் பரவால்ல, கழுத்து போகக் கூடாது."

சென்னையிலிருந்து வந்திருந்த நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கழுத்து என்று நீங்கள் சொன்னது என்ன என்று அப்புறம்தான் விளங்கியது. கழுத்து என்றால் வேருக்கு மேலே இருக்கும் அடித்தண்டு. கடிபட்ட புல், அதிலும் வேரிலும் சேர்த்து வைத்த சத்தை எடுத்து மறுபடி துளிர்க்கும். துளிர்த்த கையோடு இன்னொரு வாய் வந்து கடித்தால் சேர்த்து வைத்ததும் தீர்ந்துபோகும். திரும்பத் திரும்ப இப்படி ஆனால் புல் செத்துவிடும். வெறுந்தரை இறுகி ஓடு பிடித்துக்கொள்ளும், பெய்கிற மழை உள்ளே இறங்காமல் வழிந்து ஓடும், அது அரித்துக்கொண்டு போகும் மண் ஏரியில் வண்டலாகப் படியும். எத்தனை ஆடு என்பது மட்டுமல்ல, எத்தனை நாள் இடைவெளி விட்டுத் திரும்பி வருகிறது என்பதும் கணக்கு. இதைப் பிற்பாடு புத்தகத்திலும் படித்தேன். ஆனால் கழுத்து என்று அதில் போட்டிருக்கவில்லை.

ஆடு எங்கே போகும் என்பதற்கும் சித்தப்பாவிடமே பதில் இருந்தது. கிடை. எங்கள் பக்கம் சொர்ணவாரி அறுப்பு ஆடி, ஆவணியில் முடியும். சம்பா நடவுக்கு முன்னால் வயல் சும்மா கிடக்கும். அந்த நாட்களில் மந்தையை இரவில் வயலில் மடக்குவார்கள். புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு, நெல்லோ காசோ ஆட்டுக்காரருக்கு. ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்று பாட்டி சொல்லிக் கேட்டதுண்டு. மேய்க்காலில் புல் துளிர்க்கிற நேரமும் அதேதான் என்பதைக் கவனியுங்கள். புல்லைத் தொடாமல் விட வேண்டிய வாரங்களில் ஆட்டுக்கு வயலில் வேலையும் தீனியும் இருந்தது. யூரியா மூட்டை வந்தபின் கிடை நின்றது. மந்தை வருஷம் முழுக்க ஒரே இடத்தில் நிற்க ஆரம்பித்தது. நிலம் கெட்டதும் தொழில் கெட்டதும் ஒரே நேரத்தில்தான். எங்களுக்குத்தான் அது இரண்டு பிரச்சினையாகத் தெரிந்தது.

முதல் வருஷம் கிடை போட ஒரு விவசாயியும் முன்வரவில்லை. வரப்பை மிதித்துவிடும், பக்கத்துக் கொல்லையில் வாய் வைக்கும் என்று ஆளுக்கொரு காரணம். ஒன்பது பேர் மட்டும், கூலியில் பாதியை வேறு யாராவது கொடுத்தால் பார்க்கலாம் என்றார்கள். அந்தப் பாதியைக் கொடுத்தவர்கள் எங்கள் அடுக்ககத்து நீங்கள்தான். தீபாவளிச் சீட்டுப் பணத்தை எடுத்துத் தந்த இரண்டாம் மாடி அக்காவுக்குத் தனியாக ஒரு கும்பிடு. இப்போது பாதியும் வேண்டாம், கால்வாசியும் வேண்டாம். போன ஆவணியில் கிடைக்கு முறை போட்டுக்கொண்டு இரண்டு வீட்டுக்காரர்கள் சண்டையே போட்டார்கள். அந்தச் சண்டையைக் கேட்க எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா!

சர்வேயர் சார், நீங்கள் இல்லாவிட்டால் எதுவுமே தொடங்கியிருக்காது. எது மேய்க்கால், எது பட்டா என்று ஊரில் ஆளுக்கொரு எல்லை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஓய்வுக்குப் பிறகும், நில விவரம் எழுதிய அ-பதிவேட்டையும் எல்லை அளவு காட்டும் புலப்படத்தையும் கதைப்புத்தகம் மாதிரி படிக்கிற ஆள் நீங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டைத் தேடி எத்தனை நாள் தூசி தின்றீர்கள்! பதிவேட்டில் 41 ஏக்கர், தரையில் 30. மீதிப் பதினொன்றைப் பற்றி இங்கே பேசவில்லை, அது இன்னும் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது. 2011 ஜனவரி 28இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆக்கிரமிக்கப்பட்ட ஊர்ப் பொதுநிலத்தை மீட்டு ஊருக்கே திருப்ப மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்று சொன்னதை நீங்கள் தமிழில் ஒரு பக்கமாக எழுதிக் கொடுத்தீர்கள். 2022 அக்டோபர் 2 கிராம சபையில் அதை வாசித்த பிறகுதான் தீர்மானம் நிறைவேறியது.

காங்கேயத்துக்கு வழி சொன்ன நண்பருக்கும் நன்றி. சித்தப்பா உட்பட ஆட்டுக்காரர்கள் மூவர் சென்ட்ரலில் ரயில் ஏறி ஈரோட்டில் இறங்கி, பஸ் மாறிப் போய் அங்கே கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே வெள்வேல மரம், தரை முழுக்கக் கொழுக்கட்டைப் புல், பகுதி பகுதியாக மாற்றி மேய்ச்சல். திரும்பி வந்து சித்தப்பா சொன்னது: "அவங்க மழை வேற, நம்ம மழை வேற. புல்லை எடுத்துக்கலாம், வேலி வேணாம்." நியாயம்தான். எங்கள் பக்கம் பெய்வதில் ஏறக்குறைய பாதிதான் அங்கே பெய்கிறது. அதுவும் அது தனியார் காடு, இது ஊர்ச் சொத்து. அதனால் வேலிக்குப் பதில் சுண்ணாம்பு அடித்த கல்லை நட்டு நிலத்தை நான்காகப் பிரித்தோம். ஒரு பங்கு ஆவணியிலிருந்து மார்கழியில் விதை உதிரும் வரை மூடல், மற்ற மூன்றும் மாற்றி மாற்றி. மூடுகிற பங்கு வருஷம்தோறும் மாறும். கல்லைத் தாண்டுகிற ஆட்டுக்கு அபராதம் எவ்வளவு என்று முடிவு செய்தவர்கள் ஆட்டுக்காரர்களே. நாங்கள் சொல்லியிருந்தால் இதில் பாதிகூட வைத்திருக்க மாட்டோம்.

அடுத்து வேலிகாத்தான். சீமைக் கருவேலத்துக்கு எங்கள் ஊர்ப் பெயர் அது. வெட்டினால் போகாது, தரைக்குக் கீழே தூரில் இருக்கும் கணுவிலிருந்து நாலு கிளையாக எழும். ஜேசிபி விட்டு ஒரே வாரத்தில் வழித்தெறியலாம் என்று நான்தான் குதித்தேன். அப்படி வழித்தால் முதல் மழைக்கே மேல்மண் போய்விடும் என்று தடுத்தவர்கள் ஏரிக்கரையில் குடியிருக்கும் இருளர் அண்ணனும் அண்ணியும். கரிமூட்டம் அவர்கள் தொழில். முன்பணம் கொடுத்து, விறகு வெட்டிலும் கரி வேலையிலும் இருளர் குடும்பங்களைக் கொத்தடிமையாக வைத்திருந்த கதைகள் எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல, சட்டம் 1976லேயே வந்தும்கூட. அதனால் அண்ணி முதல் நாளே சொல்லிவிட்டார்: முன்பணம் வேண்டாம், சனிக்கிழமை சனிக்கிழமை கூலி, கரியில் பங்கு. பட்டையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டினார்கள். கடப்பாரையைச் சரித்துக் குத்தி, ஒரு சாண் ஆழத்தில் தூரை நெம்பி, புரட்டிப் போட்டு, கணு மிச்சம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார் அண்ணன். குழியிலேயே மண்ணைத் தள்ளி விதை தூவிவிட்டுத்தான் அடுத்த தூருக்குப் போவார்.

மூட்டம் எரிகிற ராத்திரிகளில் இரண்டில் நானும் உட்கார்ந்திருந்தேன். அடுக்கிய கட்டை மேல் தழை, தழை மேல் மண். உச்சியில் வெள்ளைப் புகை கட்டி கட்டியாக வந்தால் ஈரம் இன்னும் போகவில்லை. புகை மெலிந்து நீலம் தட்டியதும் அண்ணன் ஈரமண் எடுத்து ஓட்டைகளை அடைப்பார். கொஞ்சம் தாமதித்தால் கரி சாம்பல். நான் கடிகாரம் பார்த்தேன், அவர் ஒரு தடவையும் பார்க்கவில்லை.

அந்தக் கரி மூட்டைகளை வாங்கிய நம் தெரு இஸ்திரிக்கார அண்ணனுக்கும், அவர் சொல்லி வாங்கிய மற்ற வண்டிக்காரர்களுக்கும் நன்றி. கேஸ் பெட்டிக்கு மாறியபின்னும் "ஊர்க் கரி வருதுன்னா பழைய பெட்டிய எடுத்துடலாம்" என்று மாடியிலிருந்து இறக்கினீர்களே! வேலிகாத்தான் ஒருநாள் தீரும், அப்போது இந்த வருமானமும் தீரும். அது எங்களுக்குத் தெரியும், அண்ணிக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். புதர் விலகிய இடத்தில் சிற்றீச்சம் தலையெடுப்பதை முதலில் பார்த்ததும் அவர்தான். ஊரில் ஈச்சங்கூடை முடையத் தெரிந்தவர் ஒரே ஓர் ஆயா. இப்போது அவரிடம் அண்ணியும் இன்னும் நான்கு பெண்களும் உட்காருகிறார்கள். மயிலாப்பூர் மாட வீதியில் பூக்கடை அக்கா முதலில் ஆறு கூடை வாங்கி, இரண்டைக் கோணல் என்று திருப்பி அனுப்பினார். அந்தக் கோணலையும் ஒரு நன்றியாகவே சொல்கிறேன், ஆயா அதற்குப் பிறகுதான் மற்றவர்களை அடி பின்னலை மூன்று தடவை பிரிக்க வைத்தார்.

டாக்டர் அம்மா, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்துக் கதைகளோடு நீங்கள் ஊருக்கு வந்தது எங்கள் அதிர்ஷ்டம். சாதாரணச் செம்மறி என்று நாங்கள் நினைத்த எங்கள் ஆடுகளைப் பார்த்து, "இது மெட்ராஸ் ரெட், நம்ம மண்ணோட இனம், விட்டுடாதீங்க" என்றீர்கள். அதைவிடப் பெரிய உதவி ஒன்று. மூடி வைத்த பங்கை முதல் தடவை திறக்கிற நாள் குறித்தாயிற்று, மேளம் கூடச் சொல்லியாயிற்று. தளதளவென்று நிற்கிற இளம்புல்லில் பசித்த ஆட்டை விட்டால் துள்ளுமாரி என்கிற உயிர்க்கொல்லி நோய் வரும், முதலில் தடுப்பூசி, அப்புறம்தான் புல் என்று நிறுத்திவிட்டீர்கள். மேளக்காரரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. ஆனால் ஓர் ஆடுகூடச் சாகவில்லை.

விதையைச் சொல்லாமல் முடிக்க முடியாது. முதலில் ஓரிடத்தில் வாங்கிய விதை பாதிக்கு மேல் பதர், அந்த இடத்தின் பெயர் வேண்டாம். இரண்டாவது தடவை நல்ல விதை கிடைத்தது. கொழுக்கட்டைப் புல் விதை பஞ்சு மாதிரி, தூவினால் காற்று கொண்டுபோகும், ஈரமண்ணோடு பிசைந்து தூவ வேண்டும். முயல் மசால் என்கிற தீவனச் செடியின் விதைக்குத் தோல் கெட்டி. 80 டிகிரி வெந்நீரில் நான்கு நிமிஷம், பிறகு ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீர். அதைச் செய்தது மூன்றாம் மாடி மாமியின் சமையலறையில். 2023 ஆவணி, எட்டுக் கிலோ விதை, பழைய வேட்டியில் முடிச்சு முடிச்சாகக் கட்டி, பேரன் கேக் செய்ய வைத்திருந்த வெப்பமானியை அண்டாவில் தொங்கவிட்டு, "எண்பத்திரண்டு ஆயிடுத்து, அணை அணை!" என்று மாமி கத்த, நான் முடிச்சை முக்க, மாமா ரேடியோ மணி பார்த்து நிமிஷம் சொன்னார். அந்த டிசம்பரில் மிக்ஜாம் வந்து சென்னை மூழ்கியபோது, நம் தெருவில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு மாமி கேட்ட முதல் கேள்வி, "விதை போயிடுத்தா?" போகவில்லை, மாமி. அடுத்த வருஷம் ஃபெஞ்சல் மழைக்கும் போகவில்லை. நூறு நாள் வேலையில் ஊர்ப் பெண்கள் வெட்டிய குறுக்குக் குழிகள் தண்ணீரை நிறுத்திக்கொண்டன. அவர்கள் ஒவ்வொருவருக்கும் நேற்றே நேரில் சொல்லிவிட்டேன்.

இந்த 2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பவர்களுக்குமான ஆண்டு என்று ஐ.நா. அறிவித்திருக்கிறதாம். சித்தப்பாவிடம் சொன்னேன். "ஒரு வருஷம்தானா?" என்றார்.

கடைசியாகக் கணக்கு வழக்கு. கிடைக் கூலிக்கு நீங்கள் கொடுத்ததில் மிச்சம் 6,340 ரூபாய் இருக்கிறது, தடுப்பூசிச் செலவுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று சொல்லுங்கள். கூடை கேட்டிருந்தவர்களுக்கு மாசி முதல் வாரம் வரும். மாமி, அன்றைக்கு விதை முக்கிய உங்கள் அண்டாவைப் பாண்டி பஜாரில் ஈயம் பூசக் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவந்து வைத்துவிடுகிறேன்.

அன்புடன்,
நான்காம் மாடியிலிருந்து