புதுத் தண்ணீரைத் தீட்டத் துணை நின்றவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். நீர்வளத் துறையில் பொறியாளராக இருந்து விருப்ப ஓய்வு பெற்று, கல்லூரிப் படிப்போடு நின்றுபோயிருந்த நீர்வண்ண ஓவியத்தை முழுநேரப் பணியாக எடுத்துக்கொண்ட நான், இந்த ஆடி மாதம் திருவையாற்றில் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே ஆற்றுப் படங்களைக் காட்சிக்கு வைத்தேன். வந்து பார்த்தவர்களுக்கும், அதற்கு வெகு முன்பிருந்தே கைகொடுத்தவர்களுக்கும் இம்மடலின் வழியே நன்றி கூறுகிறேன்.

முதல் நன்றி எங்கள் பிரிவில் மதகுகளைத் திறந்து மூடிப் பராமரிக்கும் பணியாளரான லஸ்கர் அண்ணனுக்கு உரியது. மேட்டூரில் வழக்கப்படி ஜூன் 12ஆம் தேதி திறக்கப்படும் தண்ணீர் ஏறக்குறைய மூன்று நாளில் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, தஞ்சைப் பகுதியில் புது ஆறு என்று அழைக்கப்படும் கல்லணைக் கால்வாய் ஆகியவற்றுக்குப் பிரித்து விடப்படுகிறது. மிகுவெள்ளம் கொள்ளிடத்துக்குப் போகிறது. எந்த ஆற்றில் எத்தனை கனஅடி என்று பதிவேட்டில் எழுதுவதுதான் பணிக்காலம் முழுவதும் என் வேலையாக இருந்தது. ஆனால் நுரையையும் சருகையும் முன்னே தள்ளிக்கொண்டு, காய்ந்த மணல் குடித்தது போக மிஞ்சியது மட்டும் மெல்ல நகர்ந்து வரும் முதல் தண்ணீரைக் கரையில் உட்கார்ந்து பார்க்க வைத்தவர் அவர். நான் பதவியில் இல்லாத போதும், "மேடம், விடியக்காலம் தண்ணி நம்ம மதகுக்கு வந்துரும், பெட்டியோட வந்துடுங்க" என்று முந்தின இரவே தொலைபேசியில் சொல்லிவிடுவார். அந்த அழைப்பு இல்லாமல் இந்தப் படங்களில் பாதி பிறந்திருக்காது.

கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் பயின்ற தம்பி ஒருவர் என்னைவிட வயதில் மிக இளையவர். ஆயினும் எனக்கு ஆசிரியர் அவரே. புதுத் தண்ணீரின் செங்காவி நிறத்துக்குப் பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்போடு சிறிது அல்ட்ராமரைன் நீலத்தைச் சேர்த்து, நனைத்த தடித்த 300 ஜி.எஸ்.எம். தாளில் விட்டுவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும் என்று காட்டினார். ஈரம் காயக் காய நீலத்தின் துகள்கள் தாளின் பள்ளங்களில் தனித்துப் படிகின்றன. வண்டலைக் காட்ட இதைவிட உண்மையான வழி வேறில்லை என்றே கருதுகிறேன்.

வடக்குப் பார்த்த சன்னல் உள்ள தன் அறையை எனக்காக ஒழித்துத் தந்த அத்தைக்கும், மாதச் சம்பளம் நின்றதைப் பற்றி ஒரு நாளும் பேச்செடுக்காத என் கணவருக்கும் நான் பட்டிருக்கும் கடன் பெரிது.

காட்சியின் கடைசி நாளன்று தலைஞாயிறு பக்கத்திலிருந்து வந்த விவசாயி ஒருவர், கல்லணைப் படத்தின் முன் நெடுநேரம் நின்றுவிட்டு, "எங்க கடைமடைக்கு வரும்போது தண்ணி இந்த நிறத்துல இருக்காதும்மா, வண்டல் எல்லாம் மேலேயே தங்கிடும், அதையும் வரையுங்க" என்றார். தண்ணீர் கடைசியாகச் சென்று சேரும் கடைமடையைக் கனஅடிக் கணக்கில் மட்டுமே அறிந்திருந்த எனக்கு அது புதிய பாடம். அய்யா, அந்தச் சொல்லுக்கு நன்றி. வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள் தங்கள் ஊருக்கு வருகிறேன். வாய்க்கால் கரையில் உட்கார ஓரிடம் காட்டினால் போதும்.

நன்றியுடன்,
திருவையாற்றிலிருந்து ஓர் ஓவியர்