ஒரே படத்தில் அஸ்தமனமும் முழுநிலவுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சித்ரா பௌர்ணமிக்கு மறுநாள் உங்கள் நாளிதழின் வாசகர் புகைப்படப் பகுதியில் கன்னியாகுமரி படம் ஒன்று வந்திருந்தது. திருவள்ளுவர் சிலைக்கு இடது பக்கம் அஸ்தமிக்கும் சூரியன், வலது பக்கம் தாம்பாளம் அளவுக்கு முழுநிலவு. நாகர்கோவிலில் ஸ்டூடியோ வைத்துப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அது கம்ப்யூட்டரில் ஒட்டிய படம்.

சூரியனுக்கு நேர் எதிரே நிற்பதால்தான் அன்றைக்கு நிலவு முழுசாகத் தெரிகிறது. ஒன்று மேற்கே இறங்கும்போது மற்றது கிழக்கே ஏறும். கரையில் நிற்பவர் ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் மற்றதற்கு முதுகைக் காட்டித்தான் ஆக வேண்டும். அப்புறம், கரையிலிருந்து பார்த்தால் சிலை கிழக்குப் பக்கம் இருக்கிறது. அதன் பின்னால் சூரியன் என்றால் அது காலை. கடற்கரையில் சுக்குக்காப்பி விற்பவரைக் கேட்டால்கூடச் சொல்லிவிடுவார். இதெல்லாம் போகட்டும், சூரியன் பின்னால் இருக்க, சிலையின் நம் பக்கம் எப்படி அவ்வளவு பளிச்சென்று வெயில் விழும்? இருட்டுருவமாக அல்லவா தெரிய வேண்டும்!

இதற்கு ஒரு கடிதமா என்று நினைக்கலாம். சென்ற வாரம் என் கடைக்கு வந்த ஒரு தம்பி மொபைலில் இந்தப் படத்தைக் காட்டி, "அண்ணாச்சி, இது எந்த எடத்துல நின்னு எடுத்தது?" என்று கேட்டான். கேமரா வாங்க ஆசைப்பட்டுப் பணம் சேர்ப்பவன். அப்படி ஓர் இடமே இல்லை என்று சொன்னால், எனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்திருப்பான் போல. பத்திரிகையிலேயே வந்திருக்கிறதே!

உண்மையில் அன்று மாலை அங்கே கிடைக்கிற வெளிச்சத்துக்கு எந்த ஒட்டு வேலையும் தேவையில்லை. சூரியன் நம்மூர் கோவளம் பக்கமாக இறங்கும்போது கூட்டம் முழுக்க மேற்கேதான் பார்த்துக்கொண்டிருக்கும். திரும்பிப் பாருங்கள். மேற்கிலிருந்து தாழ்ந்து வரும் மஞ்சள் வெயில் சிலையின் மேலும் விவேகானந்தர் பாறையின் மேலும் நேராக விழும். கல்லில் உள்ள ஒவ்வொரு மடிப்பும் எடுத்துக் கொடுக்கும். சூரியன் மறைந்ததும் கிழக்கு அடிவானத்தில் சாம்பல் நீலமாக ஒரு பட்டை எழும்பும், அதற்கு மேலே இளஞ்சிவப்பு. அந்த நீலப் பட்டை பூமியின் நிழல். நிலவு அதற்குள்ளிருந்துதான் வரும், அதுவும் முதலில் மங்கிய செம்பு நிறத்தில். கடல் மேல் ஈரமும் உப்புமாக மூட்டம் இருந்தால், அடிவானத்தை விட்டுக் கொஞ்சம் ஏறிய பிறகுதான் கண்ணுக்கே தெரியும்.

அந்தப் பத்து இருபது நிமிடம்தான் படமெடுப்பவருக்கு. நிலவின் வெளிச்சமும் வானம், கடலின் வெளிச்சமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும், ஒரே கிளிக்கில் இரண்டும் பதியும். அதற்குப் பிறகு கடல் இருண்டுவிடும். நிலவுக்கோ அப்படியில்லை, அதன் மேல் விழுவது பகல் வெயில்தான். உச்சிக்கு ஏறிய முழுநிலவுக்கு ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, லென்ஸ் துவாரம் எஃப் 11, ஷட்டர் நேரம் நொடியில் நூறில் ஒரு பங்கு போதும். சிலைக்கு விளக்கு போட்ட பிறகு சிலைக்காக ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்தால் நிலவு வெறும் வெள்ளைப் பொட்டாகிவிடும். அதனால்தான் பௌர்ணமிக்கு முந்தின நாளே நான் போய்விடுவேன். நிலவு முக்கால் மணி நேரம் போல முன்னதாகவே எழுந்துவிடும். மாலை வெயில் இருக்கும்போதே சிலையும் நிலவும் சேர்ந்து கிடைக்கும். நிலவைப் பெரிதாகக் காட்ட வேண்டுமா? கரையோரமாகத் தூரம் போய் நின்று தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் டெலிலென்ஸ் போட்டால் போதும், சிலை சிறுக்கும், நிலவு சிறுக்காது. நேர்கோட்டுக்குக் கொண்டுவர இப்படி அப்படி நடக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, காலையில் சூரியன் உதித்து ஒரு மணி நேரம் பொன்வெளிச்சம் இருக்கும் என்று நம்பிப் பிள்ளைகள் மெதுவாக வருகிறார்கள். கன்னியாகுமரி இருப்பது எட்டு பாகை அட்சரேகையில். இங்கே சூரியன் சாய்வாக ஊர்ந்து வராது, ஏறக்குறைய நெட்டுக்குத்தாக ஏறும், நாலு நிமிடத்துக்கு ஒரு பாகை. அரை மணி நேரத்துக்குள் அந்த நிறம் போய்விடும். லாட்ஜில் காப்பி குடித்துவிட்டு வந்தால் வெள்ளை வெயில்தான் மிச்சம்.

வண்ணத்தைக் கூட்டுவதையோ குறைப்பதையோ நான் குறை சொல்லவில்லை. ஃபிலிம் காலத்தில் பிரிண்ட் போடும்போதே நாங்களும் செய்ததுதான். வானத்தையே மாற்றுவது வேறு சங்கதி. அதைப் போடுவதாக இருந்தால் 'கணினி ஓவியம்' என்று கீழே போட்டுவிடுங்கள், யாருக்கும் சண்டையில்லை. புகைப்படம் என்று போடுவதானால், அனுப்புகிறவரிடம் கேமராவில் பதிவான அசல் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். படத்தின் கீழே ஊர்ப் பெயரோடு எடுத்த தேதியும் நேரமும் ஒரு வரி சேருங்கள். பக்கத்தில் அதற்கு இடம் இல்லையென்றால், தலைப்பில் இருக்கும் அலங்கார வார்த்தைகளில் இரண்டை வெட்டினால் போதும்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டூடியோக்காரர்,
கோட்டாறு, நாகர்கோவில்.