அந்த 400 மணித்தியாலம்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. பட்டப்படிப்புக்கான ஆய்வை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப் போட்டால் என்ன என்று கேட்டிருக்கிறாய். அந்த ஒரு வரி என்னை நித்திரை கொள்ள விடவில்லை. ஆகவே முதலில் அதற்குப் பதில், மற்றப் புதினமெல்லாம் பிறகு.

தள்ளிப் போடாதே. உடம்புக்கு ஏலாது, டொக்டர் ஓய்வெடுக்கச் சொல்கிறார் என்றால் அது வேறு கதை; அப்போது நானே பேராதனைக்கு வந்து உன்னை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போவேன். ஆனால் நீ எழுதியிருப்பதைப் பார்த்தால், எதை முதலில் தொடுவது என்று தெரியாமல் வந்த களைப்பு அது. நமக்கு ஏற்கெனவே போன காலம் போதும். 2021ஆம் ஆண்டு ஏ.எல். (உயர்தர) பரீட்சையை 2022 பெப்ரவரியில்தான் எழுதினோம். ரிசல்ட் வர ஓகஸ்ட் கடைசியாகிவிட்டது. வீட்டில் யாரும் வாய் திறந்து கேட்பதில்லை, ஆனால் எப்போது முடியும் என்று நாளை எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார்கள். உன் அம்மாவும் அப்படித்தான் இருப்பார்.

இந்த வருடம் தொடங்கியபோது நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் பொதுவான தகைமைக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்றால் 50 மணித்தியாலப் படிப்பு. விரிவுரை, செய்முறை, தனியே இருந்து படிப்பது, பரீட்சை எல்லாம் அதற்குள் அடக்கம். ஒரு வருடத்துக்கு 30 கிரெடிட், அதாவது 1,500 மணித்தியாலம். இரண்டு செமஸ்டரையும் சேர்த்து 30 கிழமை என்று வைத்தால் கிழமைக்கு 50 மணித்தியாலம். கூடத்தான், ஆனால் முடியாத வேலை இல்லை. எனக்கு ஆய்வு மட்டும் 8 கிரெடிட். 400 மணித்தியாலம்! அந்த 400ஐயும் நேரசூசியில் தேடிப் பார்த்தேன், ஒரு பெட்டிகூட இல்லை. திங்கட்கிழமை எட்டு மணி விரிவுரைக்கு இடம் இருக்கிறது, செய்முறைக்கு இடம் இருக்கிறது. ஆய்வுக்கு யாரும் மணி அடிப்பதில்லை. நாளைக்கு அசைன்மென்ட் கொடுக்க வேண்டும் என்றால் இன்றைய ஆய்வைத்தான் எடுத்து ஓரமாக வைக்கிறோம். இப்படியே மூன்று மாதம் போனால் உனக்கு வந்த நினைப்புத்தான் எவனுக்கும் வரும்.

அதனால் காலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை ஆய்வுக்கு என்று ஒதுக்கிவிட்டேன். போர்டிங்கில் யாரும் எழும்பியிருக்க மாட்டார்கள். பக்கத்துக் கரையோரப் பாதையில் ரயில் போகும் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. போன் மற்ற அறையில் கிடக்கும். சனிக்கிழமை காலையில் இன்னும் கொஞ்சம் கூட்டி எடுத்துக்கொள்வேன். ஏழுக்குப் பிறகு காலி வீதியில் பஸ் நெரியத் தொடங்கிவிடும், அப்புறம் அந்த நாள் கம்பஸுக்குச் சொந்தம். பின்னேரம் எவ்வளவு அசைன்மென்ட் வந்து விழுந்தாலும் ஆய்வு அன்றைக்கு நடந்து முடிந்திருக்கும். இந்த நிம்மதிக்கு ஈடு கிடையாது மச்சான்.

என் தலைப்பு என்ன என்று கேட்டிருந்தாய். கொழும்பு மாவட்டத்து மழையும் டெங்குக் காய்ச்சலும். மழை பெய்து எத்தனை கிழமை கழித்து நோயாளர் தொகை ஏறுகிறது என்று பார்ப்பதுதான் வேலை. தொற்றுநோயியல் பிரிவு கிழமைக்கொரு அறிக்கை வெளியிடுகிறது. அதன் அட்டவணைகள் பிடிஎப்பில் இருப்பதால் ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துப் பதிய வேண்டும். நாட்டில் 25 மாவட்டம், ஆனால் அந்த அட்டவணையில் 26 வரிசை. அம்பாறை மாவட்டத்தைச் சேர்ந்த கல்முனைக்குத் தனி வரிசை! கொழும்பு வரிசையைத் தேடிப் போகும்போது நம் ஊரான கல்முனையின் எண்ணையும் ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் வருவேன். எண் ஏறியிருந்தால் அன்று வீட்டுக்குக் கோல் எடுத்து, தண்ணீர்த் தொட்டியை மூடி வைத்தீர்களா என்று கேட்பேன்.

2017தான் பெரிய தலையிடி. அந்த வருடம் நாடு முழுக்க 186,101 பேருக்கு டெங்கு என்று பதிவாகியிருக்கிறது. வரைபில் போட்டால் மற்ற வருடங்கள் எல்லாம் அதன் காலடியில் சிறுத்துப் போகின்றன. அதை விட்டுவிட்டுச் செய்தால் கணக்கு வடிவாக வரும் என்று பச்சில் சிலர் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அது பிழையாகப் பதிந்த எண் இல்லை, அத்தனை பேரும் காய்ச்சலில் கிடந்தவர்கள். அந்த வருடத்தையும் தாங்கக்கூடிய மொடலைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். என் ஆய்வை மேற்பார்க்கும் மெடமும் சரி என்றார்.

மெடம் என்றதும்தான் ஞாபகம் வருகிறது. உன் ஆய்வை மேற்பார்க்கும் சேரைச் சந்தித்து இரண்டு மாதம் ஆகிறது, கையில் ஒன்றும் இல்லாமல் எப்படிப் போவது என்று எழுதியிருந்தாய். ஒன்றும் இல்லாவிட்டாலும் போ. ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போ: இதுவரை செய்தது இது, நிற்கும் இடம் இது, கேள்வி இது. என்ன செய்கிறாய் என்றே தெரியாத மாணவனுக்குத்தான் அவர்களால் உதவ முடிவதில்லை. இந்தக் கிழமையே போ.

எழுதுவதையும் கடைசிக்கு வைக்காதே. ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்ற பயம் நம்மைப் போலத் தமிழில் ஏ.எல். படித்த எல்லோருக்கும் இருக்கிறது. நான் முதலில் கொப்பியில் தமிழில் எழுதிவிடுவேன், என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்று உனக்குச் சொல்வது போல. யோசனை தெளிந்த பிறகு ஆங்கில வசனம் அவ்வளவு கஷ்டமாக இருப்பதில்லை. பாறைகளைப் பற்றிய உன் ஆய்வுக்கும் இது பொருந்தும்.

இரவிரவாக விழித்திருப்பதை மட்டும் தயவுசெய்து விடு. படித்தது மூளையில் நன்றாகப் பதியத் தூக்கம் வேண்டும். இரண்டு மணிக்கு வாசித்ததை ஒன்பது மணிப் பரீட்சையில் தேடிக்கொண்டிருப்பது எவ்வளவு கொடுமை என்று உனக்கே தெரியும். மாணவர்களே ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக் கொடுக்கும் குப்பிக்குப் போ, இல்லையென்றால் நீயே ஒரு குப்பி நடத்து. நாலு பேருக்குச் சொல்லிக் கொடுத்த பாடத்தைத் திருப்பிப் படிக்கத் தேவையே இருக்காது.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். மஹாபொல உதவித்தொகையைக் கூட்டிவிட்டார்கள் என்றாலும் கொழும்பில் அது அறை வாடகையில் ஒரு பங்குக்குத்தான் காணும். ஆகவே ஓ.எல். (சாதாரணதர) பிள்ளைகளுக்குக் கணக்கு ரியூசன் கொடுத்து வந்தேன். இப்போது ஒரு வகுப்பை விட்டுவிட்டு மற்றதை மட்டும் வைத்திருக்கிறேன். காசு குறைகிறதுதான். ஆனால் ஆய்வு முடியும் வரை சிக்கனமாக இருந்துவிடலாம். அந்தப் பிள்ளைகளை விட்டு வர மனமில்லாமல்தான் இருந்தது, நல்ல கெட்டிக்காரர்கள்.

மற்றப்படி நான் சுகம். சனிக்கிழமை பின்னேரங்களில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் போவேன், பாடத்துக்காக இல்லை, மனம் ஆற. வாசிகசாலை மேசையில் பழைய சஞ்சிகைகளைப் புரட்டிக்கொண்டிருந்தால் கிழமையின் பாரமெல்லாம் இறங்கிவிடும். நீ வந்தால் உன்னையும் கூட்டிப் போகிறேன்.

செமஸ்டர் விடுமுறைக்குப் பேராதனையிலிருந்து கொழும்புக்கு வந்துவிடு. இரண்டு நாள் என்னோடு தங்கு, பிறகு கோட்டையில் உதயதேவியைப் பிடித்து மட்டக்களப்புக்குச் சேர்ந்தே போவோம். அங்கிருந்து கல்முனைக்கு பஸ். வழிநெடுகக் கதைக்க எவ்வளவோ இருக்கிறது.

அதற்கு முன்னால் உன் முதல் அத்தியாயத்தை எனக்கு அனுப்பு. அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. எனக்குப் பாறைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் எந்த இடத்தில் விளங்கவில்லை என்று குறித்து அனுப்ப முடியும். சேரைச் சந்தித்த அன்றைக்கே என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
உன் நண்பன்