ஆம்பியர் மட்டும் போதாது, மகளே

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய பேனல் வரைபடத்தை இரண்டு முறை பார்த்தேன். நேர்த்தியாகப் போட்டிருக்கிறாய். ஆனால் மெயின் எம்.சி.சி.பி., அதாவது மொத்த பேனலுக்குமான பெரிய பிரேக்கர் மட்டும் என்னை உறுத்துகிறது.

லோடு 170 ஆம்பியர். கேபிள் 210 வரை தாங்கும். நீ 250 ஆம்பியர் பிரேக்கர் போட்டிருக்கிறாய். லோடு நாளைக்குக் கூடும் என்று நினைத்திருப்பாய். ஆனால் 230 ஆம்பியர் ஓடினால் கேபிள்தான் சூடாகும், பிரேக்கர் அசையாது. அதன் முதல் கடமை கேபிளைக் காப்பது. 200 போடு. 250-இன் டிரிப் அளவை 0.8 மடங்குக்குத் திருகி வைத்தாலும் கணக்கு சரிதான், ஆனால் பிறகு யாராவது அதைத் திருப்பிவிடுவார்கள்.

அதைவிடப் பெரியது கிலோ ஆம்பியர், அதாவது ஷார்ட் சர்க்யூட்டில் பிரேக்கர் எவ்வளவு மின்னோட்டத்தை வெட்ட முடியும் என்பது. பேனல் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 500 கே.வி.ஏ., 400 வோல்ட் என்றால் முழு லோடு சுமார் 722 ஆம்பியர். ஷார்ட் மின்னோட்டத்தை டிரான்ஸ்ஃபார்மரே உள்ளே தடுக்கும் அளவான இம்பீடன்ஸ் 5 சதவீதம் என்று வைத்து, 722-ஐ 0.05-ஆல் வகுத்தால், ஷார்ட் சர்க்யூட்டில் 14 கிலோ ஆம்பியருக்கு மேல் வரும். நீ 16 போட்டிருக்கிறாய், போதும் போலத் தோன்றும். ஆனால் டேட்டா ஷீட்டில் ஐ.சி.யூ.-வுக்கு (அதிகபட்சம் வெட்டக்கூடிய அளவு, உன் 16) கீழே ஐ.சி.எஸ். (வெட்டிய பிறகும் வேலை செய்யக்கூடிய அளவு) என்று ஒரு வரி இருக்கும், அதையும் படி. அது 50 சதவீதம் என்றால் உன் கையில் இருப்பது 8 கிலோ ஆம்பியர்தான். ஐ.சி.யூ. அளவு மின்னோட்டத்தைப் பிரேக்கர் வெட்டிவிடும். அப்புறம் அது முழு லோடைத் தொடர்ந்து சுமக்கும் என்று பிரேக்கர்களுக்கான தரநிலை ஐ.இ.சி. 60947-2 உறுதி தரவில்லை. ஐ.சி.எஸ். அளவுக்குள் வெட்டினால் அந்த உறுதி உண்டு.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பேனலில் ஷார்ட் ஆனது. பிரேக்கர் சரியாகவே வெட்டியது. நாங்களும் பழுதை நீக்கிவிட்டு லிவரை மேலே தள்ளிவிட்டு வந்துவிட்டோம். இரண்டாம் நாள் கதவைத் திறந்தால் கருகல் வாடை, ஒரு ஃபேஸ் முனை உருகிக் கிடந்தது. அந்த வாடை இன்னும் மறக்கவில்லை. நீ அந்தக் கதவுக்கு முன்னால் நிற்கப் போகிறவள், அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

ஆகவே 25 கிலோ ஆம்பியர், ஐ.சி.எஸ். 100 சதவீதம் உள்ளதாகப் பார். 25-இல் 50 சதவீதம் என்றாலும் 12.5 தான் வரும், பற்றாது.

வெப்பத்தையும் மறக்காதே. தெர்மல் வகை பிரேக்கரின் ஆம்பியர் பெரும்பாலும் 40 டிகிரிக்கு எழுதியது. மூடிய பேனலுக்குள் அதைத் தாண்டினால் சீக்கிரமே டிரிப் ஆகும். வெப்பத்துக்கு ஏற்ப ஆம்பியர் எவ்வளவு குறையும் என்று சொல்லும் டீரேட்டிங் அட்டவணையைப் பார்.

டிரான்ஸ்ஃபார்மர் நேம் பிளேட்டைப் படம் எடுத்து அனுப்பு. இம்பீடன்ஸை நான் 5 என்று வைத்துத்தான் போட்டிருக்கிறேன், உண்மையான எண்ணை வைத்து மறுபடி போட்டுப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அப்பா