எக்மோ இருக்கிறது, சரி, எத்தனை நிமிடத்தில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

2016 டிசம்பரில் ஜெயலலிதாவுக்கும், 2020-ல் எஸ்.பி.பி.க்கும் பொருத்தப்பட்டதால் எக்மோ (ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, உடம்புக்குத் திருப்பிச் செலுத்தும் கருவி) என்ற பெயர் நம் ஊரில் எல்லோருக்கும் பழக்கம். மருத்துவமனை விளம்பரங்களிலும் 'எக்மோ வசதி உண்டு' என்று போடுகிறார்கள். துடிப்பு நின்றுபோனவருக்கு அந்த ஒரு வரி போதாது.

மூன்று முறை ஷாக் கொடுத்தும் இதயம் ஒழுங்குக்கு வராதபோது, நெஞ்சை அழுத்திக்கொண்டே தொடையில் குழாய் ஏற்ற வேண்டும்: சிரையில் 21 முதல் 25 ஃபிரெஞ்ச் (குழாய்த் தடிமனின் அளவு), தமனியில் 15 முதல் 19. உடம்பு குலுங்கும், சிரையும் துடிக்கும், இரண்டிலும் ரத்தம் கறுப்பாகத்தான் வரும். குழாய்க்கு வழிகாட்டும் கம்பிகள் (கைடு வயர்) இரண்டும் ஒரே ரத்தக்குழாய்க்குள் போய்விடுவது இப்படித்தான். ஒன்று இதயத்தின் வலது மேலறையிலும் (ஏட்ரியம்) மற்றொன்று பெருந்தமனியிலும் கிடப்பதை எக்கோ ஸ்கேனில் பார்க்காமல் கேனுலாவை, அதாவது எக்மோ குழாயை, தள்ளக் கூடாது.

நிமிடத்துக்கு 3, 4 லிட்டர் ரத்தம் ஓடத் தொடங்கியதும் வேலை முடிந்துவிடாது. தமனிக் கேனுலா அடைத்த காலுக்குக் கீழ்நோக்கி 6 முதல் 8 ஃபிரெஞ்சில் தனிக் குழாய் வேண்டும். விட்டால் கால் போய்விடும். ஆக்சிஜன் அளவை வலது கையில்தான் பார்க்க வேண்டும். நுரையீரல் கெட்டிருக்க, இதயம் மட்டும் மீளத் தொடங்கினால், ஆக்சிஜன் குறைந்த ரத்தம் மூளைக்கு ஏறும். கருவியின் ரத்தம் தொடை வழியே வருவதால், காலில் எடுக்கும் அளவு அப்போதும் பிரமாதமாக இருக்கும்! இதயத்தின் இடது கீழறை (வென்ட்ரிக்கிள்) சுருங்காமல் வீங்கினால் நுரையீரலில் நீர் கோக்கும், உள்ளே ரத்தம் உறையும். இதயத்தின் அடைத்த ரத்தக்குழாயைக் கேத் லேபில் (ஆஞ்சியோ செய்யும் அறையில்) திறக்கும்வரை எக்மோ அவகாசம்தான் தருகிறது.

அமெரிக்காவின் மினியாபொலிஸில், இதையே அன்றாட வேலையாகச் செய்யும் ஒரே குழு நடத்திய ஆய்வில் (2020) எக்மோ பிரிவின் 14 பேரில் 6 பேர் உயிரோடு வீடு திரும்பினர். வழக்கமான சிகிச்சையில் 15 பேரில் ஒருவர். நெதர்லாந்தில் 10 மருத்துவமனைகள் சேர்ந்து செய்தபோது (2023), மூளை நல்ல நிலையில் பிழைத்தவர்கள் 20 சதவீதம், எக்மோ இல்லாமல் 16. பெரிய வித்தியாசம் இல்லை. கருவியில் குறை இல்லை. எப்போதாவது செய்யும் கைகளுக்கு நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது என்பதே என் கணிப்பு. துடிப்பு நின்றதிலிருந்து ரத்தம் ஓடும்வரை ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் பலன் சரிகிறது.

ஆகவே நான்கு மருத்துவமனைகள் ஆளுக்கொரு கருவி வாங்குவதைவிட, நகரத்துக்கு ஒரு மையம் போதும். அங்கே இரவு 2 மணிக்கும் பெர்ஃப்யூஷனிஸ்ட் (இந்தக் கருவியை இயக்குபவர்) இருக்க வேண்டும். பிரைமிங் செய்த (முன்கூட்டியே திரவம் நிரப்பி வைத்த) சர்க்யூட் தயாராக இருக்க வேண்டும். யாரை அங்கே கொண்டுபோவது என்று 108 ஊழியர்களுக்கு எழுத்தில் தர வேண்டும்.

– பெர்ஃப்யூஷனிஸ்ட், சென்னை