எது அழியும் என்று முதலில் சொல்லுங்கள்: கிட் கையேடு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

நிரலில் யார் எப்போது எதை மாற்றினார் என்று பதிந்து வைக்கும் கிட் மென்பொருளின் கையேட்டுப் பக்கங்களை எழுதியும் திருத்தியும் வரும் தன்னார்வலர்களுக்கு வணக்கம்.

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்த பிள்ளைகளுக்கு மாலையில் கணினி சொல்லித் தருகிறேன். ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்கள், இப்போது பெரும்பாலும் செம்பனை. பிள்ளைகளின் வீடுகளில் இன்னும் பழம் வெட்டப் போகிறவர்கள் உண்டு. ஆகவே வகுப்பில் எழுதும் பயிற்சி நிரலும் அதைப் பற்றியதுதான்: யார் எத்தனை குலை வெட்டினார், எடை எவ்வளவு, மாதக் கடைசியில் சம்பளம் என்ன. நாலைந்து பேர் ஒரே நிரலில் கை வைப்பதால் கிட் இல்லாமல் வேலை ஓடாது. ஆனால் பிள்ளைகள் என்னிடம் கொண்டுவரும் சந்தேகங்களில் பாதிக்கு மேல் நிரலைப் பற்றியதல்ல, கிட்டைப் பற்றியதுதான்.

கட்டளைகளை மாற்றச் சொல்லி இதை எழுதவில்லை. 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்த நாளிலிருந்து இந்தக் கட்டளைகளை நம்பி எழுதிய ஸ்கிரிப்டுகள் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கின்றன. அதில் கை வைத்தால் என்ன ஆகும் என்று தெரியும். நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு கட்டளையின் பக்கத்திலும் முதல் பத்தியிலேயே, இது எந்த இடத்தைத் தொடும், அங்கே கமிட் செய்யாமல் (அதாவது கிட்டின் வரலாற்றில் பதியாமல்) கிடக்கும் வேலை போய்விடுமா, போனால் மீட்க வழி உண்டா என்று சொல்லிவிடுங்கள். தோட்டத்தில் மருந்தடிக்கப் போகிறவர் தூக்கும் கலனில், அது எவ்வளவு கடுமையான நஞ்சு என்பதை லேபிளில் உள்ள நிறப் பட்டையே சொல்லிவிடும். எப்படிக் கலப்பது என்பதெல்லாம் அப்புறம்.

செக்அவுட் கட்டளையையே எடுத்துக்கொள்வோம். வகுப்பில் நான் வேண்டுமென்றே செய்து காட்டும் ஒன்று உண்டு. சம்பளக் கணக்கு நிரல் 'காஜி' (சம்பளம்) என்ற கோப்புறையில் இருக்கிறது (பிள்ளைகள் கோப்புறைக்கு மலாயில்தான் பெயர் வைப்பார்கள், எனக்கும் அதில் ஆட்சேபம் இல்லை). நண்பன் ஒருவன் அதே பெயரில் ஒரு கிளை (நிரலின் தனி மாற்றத் தடம்) தொடங்கியிருக்கிறான், ஆனால் இன்னும் புஷ் செய்து பொது இடத்துக்கு அனுப்பவில்லை. இது தெரியாமல் இன்னொருத்தி தன் கணினியில் 'கிட் செக்அவுட் காஜி' என்று அடிக்கிறாள். அவள் நினைப்பு, அந்தக் கிளைக்குப் போகிறோம் என்பது. அப்படி ஒரு கிளை அவள் கணினியில் இல்லை. அந்தப் பெயரில் கோப்புறை இருக்கிறதே! சரி, இதைத்தான் கேட்கிறாள் என்று கிட் முடிவு செய்து, கோப்புறைக்குள் அவள் திருத்தி வைத்த கோப்புகளின் மேல் இன்டெக்ஸில் (அடுத்த கமிட்டுக்காக எடுத்து வைக்கும் இடத்தில்) உள்ள பழைய பிரதியை எழுதிவிடுகிறது. 'உறுதியா?' என்ற கேள்வியே கிடையாது. 'அப்டேட்டட் 2 பாத்ஸ் ஃப்ரம் தி இன்டெக்ஸ்' என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து எழுதியது போயே போச்சு. ஆட் செய்து இன்டெக்ஸில் கூடச் சேர்க்காத மாற்றம் என்பதால் கிட்டிடம் அதன் தடயமே இருக்காது. எடிட்டரில் அன்டூ இருந்தால் உண்டு.

இதே இடத்தில் 'கிட் ஸ்விட்ச் காஜி' என்று அடித்தால், அப்படி எதுவும் இல்லை என்று ஃபேட்டல் பிழை காட்டிவிட்டு நின்றுகொள்ளும். 2019 ஆகஸ்டில் வந்த 2.23 பதிப்பில் ஸ்விட்ச், ரிஸ்டோர் என்று இரண்டு கட்டளைகளைச் சேர்த்தீர்களே, நல்ல வேலை. ஆனாலும் பழைய வீடியோக்களும் பாடங்களும் செக்அவுட்டைத்தான் சொல்லித் தருகின்றன, பிள்ளைகள் அதைத்தான் பார்த்துவிட்டு வருகிறார்கள். பல ஆண்டுகளாக செக்அவுட் பக்கத்தின் விளக்கம், வேலை மரத்தின் கோப்புகளை இன்டெக்ஸுக்கு ஏற்பப் புதுப்பிக்கும் என்றுதான் தொடங்கியது. புதிதாக வருகிறவனுக்கு அதில் என்ன புரியும்? இப்போது அதைத் திருத்தி, இந்தக் கட்டளைக்கு இரண்டு வேலை, ஒன்று கிளை மாறுவது, மற்றொன்று கோப்பின் வேறு பிரதியைக் கொண்டுவருவது என்று பிரித்துச் சொல்லியிருக்கிறீர்கள். மகிழ்ச்சி. அந்த இரண்டாவது வேலையின் பக்கத்திலேயே, 'கமிட் செய்யாத மாற்றங்கள் கேட்காமல் அழிக்கப்படும்' என்று ஒரு வரியும் இருக்கட்டும். பெயர்க் குழப்பத்தை கிட் எப்படித் தீர்க்கிறது என்று விளக்கும் பகுதி பக்கத்தின் அடியில் இருக்கிறது. அங்கே வரை யார் போகிறார்கள்?

ரிஸ்டோரும் இந்த விஷயத்தில் முழுச் சுத்தம் இல்லை. 'கிட் ரிஸ்டோர்' என்று கோப்பின் பெயரோடு அடித்தால் திருத்தம் அழியும். அதோடு '--ஸ்டேஜ்டு' சேர்த்தால் ஆட் செய்ததை மட்டும் திரும்ப எடுக்கும், கோப்பில் இருப்பது அப்படியே இருக்கும். ஒரே ஒரு ஆப்ஷன், விளைவோ தலைகீழ். வேடிக்கை என்னவென்றால், 'கிட் ஸ்டேட்டஸ்' அடைப்புக்குறிக்குள் தரும் குறிப்பு இந்த வேறுபாட்டை எந்தக் கையேட்டுப் பக்கத்தையும் விடச் சுருக்கமாகச் சொல்கிறது: ஒன்று மாற்றங்களைத் தூக்கிப்போட, மற்றொன்று ஸ்டேஜிலிருந்து, அதாவது இன்டெக்ஸிலிருந்து, எடுக்க. அதே தெளிவு பக்கத்தின் தலையிலும் வரட்டும்.

'ரீசெட் --ஹார்ட்' கதை வேறு. கிளையையும் கோப்புகளையும் நாம் சொல்லும் கமிட்டின் நிலைக்கே திருப்பிவிடும், எல்லாரும் பயப்படும் கட்டளை இது, ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்று சரியாகத் தெரிந்தவர்கள் குறைவு. கமிட் செய்த வேலை உடனே போகாது. ரீஃப்ளாகில் (கிளை எந்தெந்தக் கமிட்டில் இருந்தது என்ற பதிவேட்டில்) பழைய கமிட்டின் எண்ணைத் தேடி எடுத்துத் திரும்பிவிடலாம். எந்தக் கிளையும் சுட்டாத கமிட் என்றால், அமைப்பை மாற்றாதவரை அந்தப் பதிவுக்கு 30 நாள் ஆயுள். ஆட் மட்டும் செய்து கமிட் செய்யாததற்கும் வழி உண்டு: அதன் உள்ளடக்கம் ஏற்கெனவே கிட்டின் கிடங்கில் விழுந்துவிட்டதால் 'கிட் எஃப்எஸ்சிகே --லாஸ்ட்-ஃபவுண்ட்' தோண்டி எடுத்துக் கொடுக்கும். கோப்பின் பெயர் இருக்காது, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து அடையாளம் காண வேண்டும், தேவையற்றதை கிட் நீக்கும் துப்புரவு ஓடுவதற்குள் செய்ய வேண்டும். ஆட் செய்யாததுக்குத்தான் வழியே இல்லை. இந்த மூன்றும் வேறு வேறு பக்கங்களில் சிதறிக் கிடக்கின்றன. நிரல் போய்விட்டது என்று பதறிப் போய் உட்கார்ந்திருப்பவன் எஃப்எஸ்சிகே பக்கத்தைத் தேடிப் போவானா? அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. ரீசெட் பக்கத்திலேயே மூன்று வரி போதும்.

ரீபேஸ் கட்டளையின்போது 'அவர்ஸ்' (நம்முடையது), 'தேர்ஸ்' (அவர்களுடையது) இரண்டும் இடம் மாறிவிடும் என்ற குறிப்பையும் கொஞ்சம் மேலே ஏற்றுங்கள். நம் கமிட்டுகளை அடுத்தவர் கிளையின் மேல் ஒவ்வொன்றாக வைப்பதால் நம்முடையது 'தேர்ஸ்' ஆகிவிடுகிறது. காரணம் கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் ஒரே வரியை இருவர் மாற்றியதால் வந்த மோதலுக்கு நடுவில் நிற்பவன் காரணமா கேட்பான்?

திருத்தப் போகும் பத்திகளை, கிட் தெரியாத கண்களுக்குக் காட்டிப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் எங்களிடம் கொடுங்கள். இங்கே பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிப்பார்கள், எந்த வரியில் தடுக்கி நின்றார்கள் என்று முகம் பார்க்காமல் சொல்லிவிடுவார்கள். முதலில் செக்அவுட் பக்கத்தை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு கணினி ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்