மோட்டார் செட்டில் மூன்று வண்டிகள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். குளிர் கூடக் கூட அம்மாவுக்குக் கால்வலி அதிகமாகிறது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவள் கட்டளையிட்டிருப்பதால், நான் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது போன் என் கைக்கு வருவதற்குள் மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். ஞாயிற்றுக்கிழமையில் என்ன மீட்டிங் என்று நான் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தை வீட்டு முகவரிக்கு அனுப்புவதா, கம்பெனி முகவரிக்கு அனுப்புவதா என்று யோசித்து, கம்பெனிக்கே அனுப்புகிறேன்.

கோடநாடு சாலையில் பெரிய பங்களாவுக்குப் பின்னால், கற்பூர மரங்களுக்குக் கீழே இருக்கும் மோட்டார் செட், அந்தக் கார் நிறுத்தும் கொட்டகை, உனக்கு நினைவிருக்கும். பெரியவரின் பேரன் பெங்களூரிலிருந்து வந்திருந்தார். பங்களாவை விற்கப் போகிறார்களாம். செட்டுக்குள் கிடப்பவை பழைய இரும்பு விலைக்குத்தான் போகுமா, அதற்கு மேல் பெறுமா என்று பார்த்துச் சொல்லும்படி சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். பூட்டு திறக்கவில்லை, கீலைக் கழற்றித்தான் உள்ளே போனேன். ஒரு ஆஸ்டின் ஏ40, ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ஒரு ஃபியட் 1100 ஆக மூன்று வண்டிகள், தூசியும் எலிப்புழுக்கையும் மூடி நின்றன.

அவற்றைக் கடைசியாக நிறுத்திய டிரைவர் யாராக இருந்தாலும் தொழில் தெரிந்தவர். நான்கு சக்கரமும் தரையைத் தொடாதபடி மரக்கட்டை கொடுத்து ஏற்றி, ரேடியேட்டர் தண்ணீரை வடித்து, பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தி வைத்திருக்கிறார். ஐப்பசி, கார்த்திகை மழை கோத்தகிரியை என்ன பாடு படுத்தும் என்று உனக்குத் தெரியும். இத்தனை காலம் அந்த ஈரத்தைத் தாங்கி இரண்டு வண்டிகளாவது மிஞ்சியிருக்கின்றன என்றால் அதற்கு அந்த மனிதரின் பொறுமைதான் காரணம்.

மிஞ்சாதது ஃபியட். அதற்கு நேர் மேலே தகரக் கூரை ஓட்டையாகி, மழை முழுவதும் அதன் மேல்தான் இறங்கியிருக்கிறது. அந்த வண்டிக்குத் தனியாக அடிச்சட்டம், அதாவது சேசிஸ், கிடையாது, பாடியே வண்டியைத் தாங்க வேண்டும் என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தரைத் தகட்டில் திருப்புளியை வைத்து அழுத்தினேன், கைப்பிடி வரை இறங்கியது. எஞ்சினையும் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் கியர் அமைப்பையும் கழற்றி, வேறொரு 1100 வைத்திருப்பவருக்குக் கொடுக்கலாம். முழு வண்டியாக அது இனி எழாது.

ஹெரால்டைப் பற்றித்தான் உன்னிடம் விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு கதவு வண்டி; நான்கு கதவு பிறகுதான் வந்தது. 1961-இல் தொடங்கி, நீ தினமும் பஸ்ஸில் கடந்து போகும் அந்தப் பெருங்களத்தூரில்தான் இதைச் செய்தார்கள். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கம் முழுவதும் சாய்ந்துகொள்கிறது; எஞ்சினைச் சுற்றி நின்று வேலை செய்யலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்பதால் நம் மலையின் கொண்டை ஊசி வளைவுகளில் ரிவர்ஸ் எடுக்காமல் ஏறிய வண்டி அது. இதற்குத் தனி சேசிஸ் உண்டு. சேசிஸின் பக்கவாட்டுக் கைகளில் இரண்டு அரித்திருக்கின்றன, படிக்குக் கீழே உள்ள தகடு போய்விட்டது. நல்ல டிங்கர் கையில் கொடுத்தால் இரண்டும் செய்யக்கூடிய வேலைதான். விளக்கு வளையம், கண்ணாடி, மீட்டர், கதவுக் கைப்பிடி ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை. பழைய வண்டியில் எஞ்சின் வேலையைவிட, இல்லாத சின்னச் சாமான்களைத் தேடுவதுதான் பணத்தையும் ஆண்டுகளையும் தின்னும்.

ஆஸ்டின் இன்னும் பழையது. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில், லேலண்டு சேர்வதற்கு முன்னால், 1949-இலிருந்து பாகங்களைப் பூட்டி விற்ற வண்டி வகை. முன் சக்கரத்துக்கு ஹைட்ராலிக் பிரேக், பின் சக்கரத்துக்குக் கம்பியும் நெம்புகோலும். எஞ்சின் இறுகிவிட்டது, முன்னால் மாட்டிச் சுற்றும் ஹேண்டில் அசையவில்லை. பிளக்குகளைக் கழற்றி, டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து சிலிண்டர்களில் ஊற்றி வைத்திருக்கிறேன். நாளுக்கு ஒருமுறை ஹேண்டிலில் கையை வைத்து, அது கொடுக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன்; பலம் கொடுத்துத் திருப்பினால் பிஸ்டன் ரிங் உடையும். ஃபேக்டரியில் இப்போதிருக்கும் ஃபிட்டர் பையன் ஜீப்பில் கயிறு கட்டி இழுத்துவிடலாம் என்றான். அவனைச் செட்டுக்குள் விடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். புது பேட்டரி கொண்டுவந்து மாட்டிப் பார்க்கவும் அவனுக்கு ஆசை. இந்த வண்டியில் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த் என்று சொன்னால், என்னை வயதான மனிதன் உளறுகிறான் என்பது போலப் பார்க்கிறான். எட்டாம் வகுப்புப் படிக்கும்போதே எஞ்சினின் டேப்பெட் சத்தத்தைக் கேட்டு எந்த சிலிண்டர் என்று சொன்னவளை வளர்த்துவிட்டு, இவனோடு மாரடிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் அந்தக் காதை நீ இப்போது கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்த்தி வைத்திருக்கிறாய். குறை சொல்லவில்லை, சம்பளம் அங்கேதான் கொடுக்கிறார்கள்.

பேப்பர் விஷயம் முக்கியம், எல்லாவற்றுக்கும் முன்னால் பேப்பர். ஹெரால்டின் டேஷ்போர்டு அறையில் ஆர்.சி. புத்தகம் ஈரத்தில் ஊறிக் கிடந்தது. அடுப்பங்கரையில் காய வைத்துப் பக்கம் பக்கமாகப் பிரித்தேன். சேசிஸ் எண் தகட்டோடு ஒத்துப்போகிறது. 2021-இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டி, பெரிய மாற்றம் செய்யாமல் இருக்கும் சொந்த உபயோக வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவதற்கு 20,000 ரூபாய், 'விஏ' என்ற எழுத்தோடு எண் கொடுப்பார்கள், 10 ஆண்டு செல்லும். கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம், தினசரி ஓட்டக் கூடாது. ஆஸ்டினுக்குப் புத்தகமே இல்லை. பேரனிடம் எழுத்தில் வாங்காமல் எந்த வண்டிக்கும் ஒரு ரூபாய் கொடுக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். நீயும் அப்படித்தான் இருக்க வேண்டும். எந்த விஷயத்திலும் உன் பெயரில் இருக்கிற பேப்பர் உன் கையில் இருக்கட்டும். வீட்டுப் பத்திரமானாலும் பேங்க் புத்தகமானாலும் வேறொருவர் பீரோவில் இருக்கக் கூடாது. இதைப் பொதுவாகச் சொல்கிறேன்.

உன் அத்தை, ஆவணியில் நடந்த கல்யாணத்துக்கு நீ ஏன் தனியாக வந்தாய் என்று இப்போது மறுபடியும் கேட்கிறாள். மாப்பிள்ளைக்கு நைட் ஷிப்ட் என்று அன்றைக்குச் சொன்னதையே சொல்லிவிட்டேன். அவரைப் பற்றி நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை, கேட்கப் போவதும் இல்லை. நீ சொன்னால் கேட்டுக்கொள்வேன், சொல்லாவிட்டாலும் சோறு இருக்கிறது. உன் அறையில் அடுக்கியிருந்த உருளைக்கிழங்கு மூட்டைகளை அம்மா பின்பக்கத்துக்கு மாற்றிவிட்டாள்; நான் சொல்லி அல்ல.

மேட்டுப்பாளையத்துப் பழைய இரும்புக்காரர் மூன்று வண்டிக்கும் எடைக்கணக்கில் விலை சொல்லிவிட்டார். தை மாதக் கடைசி வரை பொறுக்கும்படி பேரனிடம் கேட்டிருக்கிறேன். ஹெரால்டை நாம் எடுத்துக்கொள்வதானால் அவர் பெரிதாக விலை பேச மாட்டார், பணம் என்னிடம் இருக்கிறது, நீ அனுப்ப வேண்டாம். ஆனால் சேசிஸுக்கு அடியில் படுத்துப் பார்க்க என் தோள் இடம் கொடுக்கவில்லை. அரித்த இடம் இரண்டுதானா, மூன்றா என்று உறுதியாகச் சொல்ல எனக்கு உன் கண் வேண்டும். எதையும் மேலோட்டமாகப் பார்த்துச் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிடாமல், அடியில் போய்ப் பார்த்துச் சொல்கிற ஆள் வேண்டும். முன்பெல்லாம் நீ அப்படித்தான் இருந்தாய்.

புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் விசாரித்து, ஹெரால்டுக்கு வீல் சிலிண்டர் வாஷர் கிட் நான்கு சக்கரத்துக்கும், பிரேக் ஹோஸ் ஒரு செட்டும் வாங்கு. ரப்பரை மடக்கிப் பார், வெடிப்புத் தெரிந்தால் பழைய சரக்கு, வாங்காதே. பார்சலில் அனுப்ப வேண்டாம். நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிந்ததும் மேட்டுப்பாளையம்; நான் பஸ் ஸ்டாண்டில் இருப்பேன். ஒருவருக்கு டிக்கெட் போட்டாலும் சரி, இரண்டு பேருக்குப் போட்டாலும் சரி, எந்த நாள் என்று மட்டும் அம்மாவிடம் சொல்.

அன்புடன்,
அப்பா